தோள் மாற்றும் இடம்

எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமையன்று நன்றாக அழுகிற பெண்களுக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் வரைக்கும் எனக்கு இருந்த பெரிய மனக்குறை அதுதான்.

முகையூரிலிருந்து பிரிந்து போகிற சாலையில், ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது, கரும்பு வெட்டுவது, கட்டட வேலைக்கு விழுப்புரம் போவது என்று கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிற ஜனங்கள். வருஷம் முழுக்கச் சாமியார் சொல்வதை நாங்கள் கேட்போம். பெரிய வெள்ளி ஒரு நாள் மட்டும் நாங்கள் சொல்வதைச் சாமியார் கேட்டாக வேண்டும்.

அன்று சாயங்காலம் பூசைக் காரியங்கள் முடிந்ததும் ஏசு சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். கை மடங்குகிற மாதிரி செய்த பழைய மரச் சுரூபம். முகம் துடைத்து, கையை மடக்கி, தூம்பாவில் கிடத்துவார்கள். தூம்பா என்றால் வேறொன்றுமில்லை, தோளில் சுமக்கிற பாடைதான்; பூ ஜோடித்து, மெழுகுவர்த்தி வைத்து, கொஞ்சம் அழகாக இருக்கும். அதன் தலைமாட்டில் வியாகுல மாதாவை நிறுத்துவார்கள். மாதாவுக்கு அன்று கறுப்புச் சேலை. அந்த நிமிஷத்திலிருந்து கோயில் கோயிலாக இருக்காது. ஒரு சாவு வீடு. மாதா பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஊரே அவளிடம் துக்கம் கேட்க வரும்.

சும்மா வந்து கும்பிட்டுவிட்டுப் போவதில்லை. பெண்கள் தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள். கோயில் கேட்டைத் தொடும்போது குரலெடுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். வந்தவள் நேராக மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கா தாயே இந்த கெதி வரணும்" என்று கேட்டு அழுதுவிட்டு, வட்டத்தில் இடம் பிடித்து உட்காருவாள். ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, வாய் பேசாமல் மாதாவின் கையைத் தொட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சாவு வீட்டில் எப்படியோ அப்படியே.

ஒருமுறை பட்டணத்திலிருந்து புதிதாக வந்த இளம் சாமியார் இதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். ஆண்டவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுவார் என்று உங்களுக்குத் தெரியாதா, எதற்கு இவ்வளவு அழுகை என்று மைக்கில் கேட்டார். ஒப்பாரியை முன்னின்று பாடுகிறவர் என் பெரியம்மா, அப்பாவுடைய அண்ணன் மனைவி. அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து நின்றார்.

"நமக்குத் தெரியும் சாமி. மாதாவுக்கு இன்னிக்கித் தெரியாதில்ல? புள்ளய பறிகுடுத்துட்டு நிக்கிறவங்ககிட்ட போயி, ஞாயித்துக்கெழம எல்லாம் சரியாயிடும்னு சொல்லிக்கினு இருப்பீங்களா நீங்க?"

சாமியார் மைக்கை அணைத்துவிட்டார். அடுத்த வருஷம் அவரே ஆண்களோடு வரிசையில் வந்து மாதாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஒரு போட்டி. யார் வீட்டு அம்மா அதிகம் அழுதாள், யார் குரல் ஏரிக்கரை வரை கேட்டது என்று மறுநாள் முழுக்கப் பேசுவோம். எதிர்வீட்டில் ஒரு சிநேகிதி இருந்தாள். அவளுடைய அம்மா வருஷம் தவறாமல் மயக்கம் போட்டு விழுவார். தண்ணீர் தெளித்து, முந்தானையால் விசிறி, யாராவது ஓடிப்போய் ஜல்தியாக சோடா வாங்கிவருவார்கள். மிச்ச சோடாவைக் குடித்துக்கொண்டே சிநேகிதி எங்களை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

ஏனென்றால் என் அம்மா அழமாட்டாள். மற்றவர்களைப்போலவே போய் மாதாவின் கையைத் தொடுவாள், சிலுவை போட்டுக்கொள்வாள், நேராகக் கோயிலுக்குப் பின்பக்கம் நடையைக் கட்டிவிடுவாள். ஒருசந்தி விரதம் இருப்பவர்களுக்கு அங்கேதான் கஞ்சி காய்ச்சுவார்கள். ஊரே மாரடித்து அழும்போது அவள் துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீயும் அழேன் என்று நான் கெஞ்சியிருக்கிறேன்.

"எனக்கு அழுவ வராதுடி. அடுப்புப் பொகையில கண்ணு கலங்குதே, அத வேணா மாதாவுக்குன்னு சேத்துக்க" என்பாள்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் நான்தான் முதல். ஏசுவின் வயசு, சீடர்களின் பெயர், எந்த ஊரில் எந்தப் புதுமை செய்தார் என்று எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். சிஸ்டர் என்னை எழுப்பி நிற்கவைத்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். இப்படிப்பட்ட பெண்ணுக்கு இப்படி ஓர் அம்மா வாய்த்திருந்தாள்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும்போது அம்மா மாசமாக இருந்தாள். பிறக்கப்போவது தம்பிதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். தவக்காலத்தில் பிடித்தது ஏதாவது ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் சேமியா ஐஸை விட்டேன். ஐஸ் வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டு எங்கள் தெருவில் வரும்போது காதைப் பொத்திக்கொண்டு, தம்பிக்காக, தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். அவர் வேண்டுமென்றே எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பதாக எனக்குத் தோன்றும்.

அப்பா விட்டத்தில் புதிதாக ஒரு இரும்புக் கொக்கி மாட்டினார். அம்மா பழைய வாயில் புடவை ஒன்றை ஏணைத் தூளி கட்டுவதற்கென்று துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆக்கிவைத்திருந்தாள். இப்போதே கட்டி ஆட்டிப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, வெறும் ஏணையை ஆட்டக்கூடாது என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குப் பிறகு நான் கொக்கியை மட்டும் படுத்துக்கொண்டே பார்ப்பேன். அதில் தம்பி தொங்குவான், அவன் அழுதால் நான்தான் ஆட்டுவேன், அம்மா வேலைக்குப் போனாலும் நான் இருக்கிறேன் என்று எத்தனையோ ஏற்பாடுகள் என் மனசில் இருந்தன. அவனுக்கு ஏசுவின் வயசைச் சொல்லிக்கொடுப்பதும் அதில் ஒன்று.

நாள் ஆவதற்கு ரொம்ப முன்பே ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. ஆட்டோவில் ஏற்றி விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அப்பா மட்டும் பெரியப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர் இறங்குவதற்குள் பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டுபோய், டீயும் முழு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்துக் கதவைச் சாத்தினார். முழு பாக்கெட்டை அதற்கு முன் நான் தனியாளாகத் தின்றதில்லை. வெளியே மண்வெட்டியை எடுக்கிற சத்தம் கேட்டது. தின்று முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான், தம்பி பிறந்து சாமிகிட்டப் போய்விட்டான் என்று பெரியம்மா சொன்னார்.

அம்மா சில நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. வந்ததும் ஏணைப் புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். கொக்கி மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற அப்பாவுக்கும் தோன்றவில்லை, எடுக்கச் சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை.

எனக்கு அப்போது ஒரு விஷயம் பெரிய அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது, ஒருத்தரும் வரவில்லை. பந்தல் இல்லை, மேளம் இல்லை, கட்டிப்பிடித்து அழ ஆளில்லை. தெருமுனையில் யாராவது கூந்தலை அவிழ்க்கிறார்களா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடந்துபோனார்கள்.

பச்சைப் பிள்ளை சாவுக்குத் துக்கம் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. அழுதால் அடுத்தது தங்காது என்று ஒரு பயம். புதைத்த இடத்தைத் தாய்க்குச் சொல்லவும் மாட்டார்கள். தெரிந்தால் அவள் கால் அங்கேயே போய் நிற்கும், உடம்பு தேறாது என்பார்கள். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்ட பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் கிடையாது. இப்போது அப்படியெல்லாம் இல்லை என்கிறார்கள். அப்போது எங்கள் ஊரில் இருந்தது.

பெரியம்மா தினமும் கேப்பைக் கூழோ கருவாட்டுக் குழம்போ எடுத்துக்கொண்டு வருவார். "அழுவாத. பச்ச ஒடம்பு, ஒடம்புக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மா அழவில்லை. அவளுக்குத்தான் அழ வராதே என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எங்க வெச்சீங்க? அத மட்டும் சொல்லுங்க. நான் போவ மாட்டேன்."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். எங்கள் ஆடு அந்த நாட்களில் தின்ற தழை கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தவரிடம், "எதுல சுத்தி வெச்சீங்கன்னாவது சொல்லுங்களேன்" என்று கேட்டாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். என் அப்பாவைப்போல ஒரு கல்நெஞ்சுக்காரர் உலகத்தில் இல்லை என்று நான் தீர்மானித்தேன். இத்தனைக்கும் லாரி நிறைய மல்லாட்டை மூட்டையை ஏற்றிவிட்டு வந்தும் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற மனுஷர் அவர்.

இப்படியே பெரிய வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அம்மாவை வரவேண்டாம், படுத்துக் கிட என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா என்னை அழைத்துக்கொண்டு போனார். எனக்குப் பெரிய வருத்தமில்லை. வந்தாலும் கஞ்சிதானே கிளறப்போகிறாள். மணி அடிக்கக்கூடாத நாள் என்பதால் பையன்கள் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினார்கள். ஏசுவை இறக்கினார்கள். தூம்பாவில் கிடத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குரலெடுத்து உள்ளே வந்து, மாதாவின் கையைப் பிடித்து அழுது, வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரியம்மா ஆரம்பித்தார்.

"முள்ளால முடி வெச்சாங்களே என் மவனே, உன் மொகத்தக்கூட தொடைக்க முடியலயே..."

முந்தானையைப் பிடித்தபடி எல்லோரும் ஒரே சீராக ஆடி ஆடி அழுதுகொண்டிருந்தார்கள். நான் சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய அம்மா எப்போது மயக்கம் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா வந்தாள். கூந்தலை அவிழ்க்கவில்லை, குரலெடுக்கவில்லை. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மாதாவிடம்கூடப் போகாமல், பின்னால் தூணோரமாக உட்கார்ந்தாள். கஞ்சிப் பக்கம் போகத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டார். பாட்டு நின்றது. ஒரு மூச்சு விட்டார். பிறகு மாதாவின் பக்கம் திரும்பி, அதுவரை நான் கேட்டிராத ஒன்றை எடுத்தார். அவருக்கும் அது அந்த நிமிஷத்தில் வந்ததுதான்.

"தச்சன் வூட்டுத் தொட்டிலு தனியாத் தொங்குதே
ஆட்ட வந்த கையி ரெண்டும் அப்படியே நிக்குதே
கட்டிக்கின தாய்ப்பாலு கல்லாட்டம் ஆச்சுதே
எங்க வெச்சீங்க எம்புள்ளய ஒரு சொல்லு சொல்லுங்களே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய தப்பை இத்தனை பேரும் எப்படிக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்? நான் எழுந்து நின்றேன். மறைக்கல்வியில் முதல் மாணவி என்ற பொறுப்பு எனக்கு இருந்தது.

"பெரியம்மா, ஏசுவுக்கு முப்பத்து மூணு வயசு! தொட்டில் எதுக்கு?"

சிநேகிதியின் அம்மா என் தொடையில் திருகினார் பாருங்கள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "வாய மூடிக்கினு ஒக்காருடி" என்றார். பெரியம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பைத் திருத்திக்கொள்ளவும் இல்லை. அதே தொட்டிலை, அதே பாலை, முன்னைவிடச் சத்தமாக மறுபடியும் பாடினார். இந்தத் தடவை மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரே சேர்ந்து ஏசுவைக் கைப்பிள்ளையாக்கிவிட்டது. எங்க வெச்சீங்க, எங்க வெச்சீங்க என்று அத்தனை குரலும் ஒன்றாகக் கேட்டபோது வெளியே பெஞ்சில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கதவு வழியாக அப்பா தெரிந்தார். குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது.

தூணோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது அம்மாவின் சத்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. ஒப்பாரி இல்லை, வார்த்தை இல்லை. எழுந்து வந்தாள். விழுந்து விழுந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் பிடிக்கிற மாதிரி மாதாவின் கையைப் பிடிக்காமல், அந்தக் கறுப்புச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து அழுதாள். அம்மாவுக்குள் அவ்வளவு அழுகை இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்கே பயமாகப் போய்விட்டது.

முதலில் எழுந்து ஓடியது சிநேகிதியின் அம்மாதான். அந்த வருஷம் அவர் மயக்கம் போடவில்லை. அவர் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். பிறகு ஒருத்தர், பிறகு இன்னொருத்தர். பெரியம்மாவும் பாடிக்கொண்டே எழுந்து போனார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேகமாக நடந்தவர்கள் எல்லோரும் அம்மாவைச் சுற்றி நின்று, முதுகைத் தடவி, தலையைத் தடவி அழுதார்கள். நான் இருந்த இடத்திலிருந்து மாதாவே தெரியவில்லை. மாதாவுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதாவை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. அதைவிட அதிகமாக வேறொன்று தோன்றியது. நான் சிநேகிதியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். இத்தனை வருஷத்து சோடாவுக்கும் சேர்த்துப் பார்த்த பார்வை அது. என் அம்மா ஏசுவுக்காக எப்படி அழுகிறாள் பார்த்தாயா!

பொழுது சாயும்போது தூம்பாவை எடுத்தார்கள். முன்னால் வலப்பக்கம் அப்பா தோள் கொடுத்தார். பின்னால் சின்னச் சப்பரத்தில் மாதாவைப் பெண்கள் தூக்கிவந்தார்கள். அம்மா மாதாவுக்குப் பக்கத்தில், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. நாலு தெருவும் சுற்றி, ஏரிக்கரை வழியாகக் கல்லறைத் தோட்டத்து கேட் வரை போய், செபம் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். தூம்பா எங்கெங்கே நிற்கும், எங்கே தோள் மாற்றலாம் என்பதெல்லாம் காலங்காலமாக வகுத்து வைத்தது. ஏரிக்கரை ஏறிவிட்டால் கேட் வரும்வரை நிற்கக்கூடாது.

கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நுணா மரம் இருந்தது. அங்கே வந்ததும் அப்பா நின்றுவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. தோளு மாத்தணும்."

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் மரக்கட்டைக்காரப் பையனை நிறுத்தச் சொல்லிவிட்டு முன்னால் ஓடிவந்தார். "இங்கியா? இங்க நிக்கிற வழக்கம் இல்லியேப்பா. தோ இருக்குது கேட்டு, அங்க போயி மாத்திக்கலாமே."

"முடியலண்ணே" என்றார் அப்பா. லாரிக்கு ஏணியில்லாமல் மூட்டை ஏற்றுகிறவர் சொன்னார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மரத்தடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வேட்டிலதான்... புது வேட்டி" என்று ஏதோ சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. புது வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறது என்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

உபதேசியார் மரத்தடியைப் பார்த்துவிட்டுக் கை காட்டினார். முட்டுக்கட்டையைக் கொடுத்துத் தூம்பாவை நிறுத்தினார்கள். "மாதாவயும் எறக்குங்கம்மா" என்று பெரியம்மாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது. அப்புறம் எல்லோரும் சும்மா நின்றார்கள். பாட்டு இல்லை, செபம் இல்லை. பெரியவர்கள் முன்னால் அடைத்துக்கொண்டு நின்றதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ பசி. திரும்பிப் போனால்தான் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். ஒரு தோள் மாற்றுவதற்கு இவ்வளவு நேரமா, சுத்தப் பேஜாராக இருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

மறுபடி நடக்கத் தொடங்கியபோது நான் நுழைந்து நுழைந்து அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவள் கையில் மெழுகுவர்த்தி இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"காத்துல அணைஞ்சிபோச்சி" என்றாள்.

காற்றே இல்லை அன்றைக்கு. அணைந்தால்தான் என்ன, திரும்பக் கொளுத்திக்கொள்ளலாமே, மெழுகுவர்த்தியையே எதற்குக் கைவிட வேண்டும்? இதையெல்லாம் கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் அம்மா என் கையைப் பிடித்து, என் மெழுகுவர்த்தியையே இருவருமாகப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி செய்தாள். அவள் கை முழுக்க மண்ணாக இருந்தது.

நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வேறு எதற்கு லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போய்விடுவேன். தம்பிக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பிள்ளை பிறக்கவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி, தூம்பா தூக்குவதை விட்டுவிட்டார். அம்மா இன்றைக்கும் கஞ்சிப் பக்கம்தான் நிற்கிறாள், அழுவதில்லை. ஆனால் ஊர்வலம் ஏரிக்கரை ஏறும்போது எப்படியோ மாதாவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறாள். இப்போது தூக்குகிறவர்கள் எல்லாம் இளவட்டப் பையன்கள். நுணா மரத்தண்டை வந்ததும் யாரும் சொல்லாமலே நிற்கிறார்கள். மரத்தடியில் மெழுகுவர்த்தி ஒன்றல்ல, பல எரிகின்றன. யார் யார் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன தடவை என் மகள் ஒரு பையனிடம் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துலேர்ந்து வழக்கம் பாப்பா. இங்கதான் தோளு மாத்தணும்" என்று அவன் சொன்னான்.

பக்கத்தில் நின்றிருந்த அப்பா காதில் அது விழுந்தது. எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்திருப்பான், தோள் மாற்ற அப்பாவுக்கு ஆள் இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அவனை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவனுக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்பது ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெரிகிறது.

அப்பா முதன்முதலாக அந்த மரத்தடியில் நின்ற அன்று, கஞ்சி குடித்துவிட்டு வீடு திரும்பியதும், அப்பாவுக்குத் தோள் வலிக்குமே என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டிருந்தது. அம்மா அவ்வளவு நன்றாக அழுத நாளில் யார் மேலும் கோபப்பட எனக்கு மனசில்லை. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"எந்தத் தோளுப்பா?"

அம்மா அடுப்படியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும்தாம்மா."

தூக்கியது வலது தோளில்தானே என்று கேட்க வந்து, போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு தோளிலும் எண்ணெய் வழிய வழியத் தேய்த்தேன். அவர் உடம்பு லேசாக நடுங்கியது. நான் நன்றாகத் தேய்ப்பதால் கூசுகிறது போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"வலி போச்சாப்பா?"

"போச்சிம்மா" என்றார்.

நான் நம்பிவிட்டேன். எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரே நாள் போனால் தவக்காலம் முடிந்துவிடும், சேமியா ஐஸ் சாப்பிடலாம் என்று ஓடினேன்.